மாங்காய் ஃபிரிட்ஜில் ஏன் கறுக்கிறது? செல் சவ்வில் கொழுப்பும் புரதமும் அமைந்திருக்கும் விதம்

வைகாசி, ஆனி மாதங்களில் கிருஷ்ணகிரிப் பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு மூலையில் வைக்கோல் பரப்பி மாங்காய் பழுக்கப் போட்டிருப்பார்கள். காவேரிப்பட்டணம், பர்கூர், சந்தூர் தோப்புகளிலிருந்து பெங்களூரா, செந்தூரா, மல்கோவா எல்லாம் ஒரே சமயத்தில் வந்து குவியும்போது, தின்று தீராத காயை ஃபிரிட்ஜில் அடுக்கிவிடுவதும் உண்டு. பத்து நாள் கழித்து எடுத்துப் பார்த்தால் தோல் சாம்பல் பூத்ததுபோல் மங்கி, அங்கங்கே கறுத்துக் குழி விழுந்திருக்கும். வெளியே வைத்தாலும் ஒழுங்காகப் பழுக்காது. ஒரு பக்கம் கொழகொழவென்று, மறுபக்கம் கட்டையாக நிற்கும். "கல் வைத்த காய்", "மருந்து அடித்த காய்" என்று பழி மண்டிக்காரர் தலையில் விழும்.

இதே மாவட்டத்து ஓசூரில் ரோஜாவை 2 முதல் 4 டிகிரிக் குளிரில் வைத்துத்தான் வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். பூவுக்கு ஒன்றும் ஆவதில்லை. தளி பக்கத்து முட்டைக்கோசும் கேரட்டும் ஃபிரிட்ஜில் வாரக்கணக்கில் நிற்கின்றன. ஆனால் ராயக்கோட்டைத் தக்காளி அதே ஃபிரிட்ஜில் ருசி கெட்டு மாவாகிறது, வாழைப்பழத் தோல் கறுக்கிறது. குளிர் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். வித்தியாசம் எங்கே என்றால், செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வில். அந்தச் சவ்வு எதனால் ஆனது, அதற்குள் கொழுப்பும் புரதமும் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று தெரிந்தால் கறுத்த மாங்காயின் கதை தானாக விளங்கிவிடும்.

(கறுப்பெல்லாம் குளிரால் வந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆந்த்ராக்னோஸ் என்ற பூஞ்சை நோயும் மாங்காயில் கரும்புள்ளி போடும். இங்கே பேசுவது ஃபிரிட்ஜுக்குள் போனபோது நன்றாக இருந்த காயைப் பற்றி.)

சவ்வு என்றால் என்ன

பள்ளிப் புத்தகப் படத்தில் செல் சவ்வு ஒரு கோடு. அதனால் பலர் மனதில் அது பிளாஸ்டிக் பை மாதிரியோ மதில் மாதிரியோ பதிந்துவிடுகிறது. உண்மையில் அது ஓர் எண்ணெய்ப் படலம். தடிமன் சுமார் 5 நானோமீட்டர். மனிதத் தலைமுடி ஒன்றின் தடிமனுக்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சவ்வுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். (தாவரச் செல்லுக்குச் சவ்வுக்கு வெளியே செல்லுலோஸ் சுவர் ஒன்று தனியாக உண்டு. மாங்காய்க்கு விறைப்பைத் தாங்குவது அதுதான். சவ்வு வேறு, சுவர் வேறு.)

இந்தப் படலத்தின் முக்கியச் சரக்கு பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பு வகை. அதன் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு தலை, இரண்டு வால். தலையில் பாஸ்பேட் இருக்கிறது, அதற்குத் தண்ணீர் பிடிக்கும். வால்கள் நீண்ட கொழுப்பு அமிலச் சங்கிலிகள், அவற்றுக்குத் தண்ணீர் ஆகாது. இப்படி ஒரே உடம்பில் இரண்டு குணம் உள்ள மூலக்கூறைத் தண்ணீரில் விட்டால் என்ன செய்யும்? கல்யாணப் பந்தியில் இடம் போதாதபோது இரண்டு வரிசையை முதுகோடு முதுகாக உட்கார வைப்பார்கள் இல்லையா, அந்தக் கோலம்தான். முகமும் இலையும் வெளிப்பக்கம், முதுகுகள் நடுவில். பாஸ்போலிப்பிட்டுகளும் தலையைத் தண்ணீர்ப் பக்கம் காட்டி, வால்களை நடுவில் சேர்த்து இரண்டு வரிசையாக நிற்கும். இதுதான் லிப்பிட் (கொழுப்பு) இரட்டைப் படலம்.

இதற்குப் பசை, ஆணி, தையல் எதுவும் கிடையாது. ஒரு மூலக்கூறை அடுத்ததோடு கட்டிப்போடும் வேதிப் பிணைப்பும் கிடையாது. வால்கள் தண்ணீரைத் தவிர்க்கப் பார்ப்பதால்தான் எல்லாம் சேர்ந்து நிற்கிறது. ஓட்டை விழுந்தாலும் ஓரத்து வால்கள் தண்ணீரில் படுவதால் படலம் தானே மூடிக்கொள்ளப் பார்க்கும்.

இரண்டு அடுக்கு என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்

இந்தக் கதை ஒரு சமையலறையில் ஆரம்பிக்கிறது. ஜெர்மனியில் அக்னெஸ் பாக்கெல்ஸ் என்ற பெண், கல்லூரிக்குப் போகாதவர், வீட்டுப் பாத்திரம் கழுவும் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் எப்படி நடந்துகொள்கிறது என்று அளந்து பார்த்து, இங்கிலாந்தின் இயற்பியலாளர் ரேலி பிரபுவுக்குக் கடிதம் எழுதினார். 1891இல் அது நேச்சர் என்ற அறிவியல் இதழில் வெளியானது. அவர் வழியில் வந்த முறையைப் பின்னாளில் அமெரிக்க வேதியியலாளர் லாங்மியூர் செம்மைப்படுத்தினார்.

1925இல் நெதர்லாந்தின் கார்ட்டர், கிரெண்டல் இருவரும் அதே முறையைச் சிவப்பணுவில் போட்டுப் பார்த்தார்கள். பாலூட்டியின் சிவப்பணுவுக்குள் உட்கருவோ வேறு சவ்வோ கிடையாது என்பதால் அதிலிருந்து வரும் கொழுப்பெல்லாம் வெளிச்சவ்வினுடையது. மனிதன், ஆடு, முயல், நாய் என்று பல ரத்தத்திலிருந்து கொழுப்பைப் பிரித்துத் தண்ணீர் மேல் ஒரே மூலக்கூறு தடிமனுக்குப் பரப்பினார்கள். அது பிடித்த இடம், செல்களின் மொத்தப் பரப்பைப்போல் இரண்டு மடங்கு. அப்படியானால் சவ்வில் இரண்டு அடுக்கு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அவர்கள் பயன்படுத்திய அசிட்டோன் கொழுப்பை முழுதாகப் பிரித்தெடுக்கவில்லை. செல்லின் பரப்பையும் குறைவாகக் கணக்கிட்டிருந்தார்கள். இரண்டு தவறும் ஒன்றையொன்று ஈடுகட்ட, விடை சரியாக வந்துவிட்டது.

எண்ணெயின் பதம்

மாங்காய் விஷயத்தின் சாவி இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. எனவே கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

மார்கழியில் ஓசூர் வீடுகளில் காலையில் தேங்காயெண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு வராது. வெள்ளையாக உறைந்திருக்கும். வெந்நீர்ப் பாத்திரத்தில் கொஞ்ச நேரம் நிறுத்தினால்தான் இளகும். பக்கத்திலேயே இருக்கும் கடலை எண்ணெய் எப்போதும்போல் ஓடும். இரண்டும் எண்ணெய்தான், வெவ்வேறு கொழுப்பு அமிலம். தேங்காயெண்ணெயில் சுமார் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு அமிலம். கடலை எண்ணெயில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நிறைவுறாத கொழுப்பு அமிலம்.

நிறைவுற்றது என்றால் சங்கிலி நேராக இருக்கும். நேரான குச்சிகளை விறகுக் கட்டு மாதிரி நெருக்கி அடுக்கலாம், எனவே சீக்கிரம் கெட்டிப்படும். நிறைவுறாதது என்றால் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு இருக்கும், அந்த இடத்தில் ஒரு வளைவு விழும். கோணல் குச்சிகள் நெருங்கி அடங்காது, இடையில் சந்து விழும். எனவே குளிரிலும் இளக்கமாக இருக்கும். மூன்று உதாரணம், மூன்றுமே 18 கார்பன் நீளம்:

1. ஸ்டியரிக் அமிலம், வளைவு இல்லை. உருகுவது சுமார் 69 டிகிரியில்.
2. ஒலியிக் அமிலம், ஒரே ஒரு வளைவு. உருகுவது சுமார் 13 டிகிரியில்.
3. லினோலியிக் அமிலம், இரண்டு வளைவு. பூஜ்ஜியத்துக்குக் கீழே 5 டிகிரியில்கூடத் திரவம்தான்.

ஒரு வளைவு விழுந்ததும் உருகுநிலை 69இலிருந்து 13க்கு இறங்கிவிட்டதைக் கவனியுங்கள்.

சவ்வின் பாஸ்போலிப்பிட் வால்களும் இதே கொழுப்பு அமிலங்கள்தான். சமையல் எண்ணெயில் ஒரு மூலக்கூறுக்கு மூன்று வால், தலை கிடையாது. சவ்வில் இரண்டு வால், ஒரு தலை. அதனால் உருகும் வெப்பநிலைகள் அப்படியே பொருந்தாது, விதி மட்டும் பொருந்தும். நேர் வால் கூடினால் சவ்வு இறுகும், வளைந்த வால் கூடினால் இளகும். குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே போனால் இளகிய படலம் உறைந்த கூழ் நிலைக்குப் போய்விடும்.

வெல்லப் பாகு காய்ச்சுகிறவர்கள் பதம் என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். பதம் தாண்டினால் உருண்டை கல்லாகிவிடும், அதற்கு முன் இறக்கினால் உருண்டையே பிடிக்காது. செல் சவ்வுக்கும் ஒரு பதம் உண்டு. சுவர்போல் இறுகவும் கூடாது, தண்ணீர்போல் ஓடவும் கூடாது. நல்ல பதத்தில் இருக்கும் சவ்வில் ஒரு லிப்பிட் மூலக்கூறு பக்கத்து மூலக்கூறோடு நொடிக்குக் கோடி தடவை அளவுக்கு இடம் மாறிக்கொள்ளும். ஒரே நொடியில் ஒரு பெரிய பாக்டீரியாவின் நீளத்தை, அதாவது சுமார் 2 மைக்ரோமீட்டரை, நீந்திக் கடந்துவிடும். ஆனால் ஒரு அடுக்கிலிருந்து மறு அடுக்குக்குக் குட்டிக்கரணம் போடுவது மட்டும் அபூர்வம். தண்ணீர் விரும்பும் தலை, எண்ணெய்க்குள் புகுந்து கடக்க வேண்டும், அது அவ்வளவு லேசில் நடக்காது.

இந்தப் பதத்தைக் காப்பதில் கொலஸ்ட்ராலுக்குப் பெரிய பங்கு உண்டு. ரத்தப் பரிசோதனைச் சீட்டால் அதற்குக் கெட்ட பெயர் வந்துவிட்டது, ஆனால் விலங்குச் செல்லின் வெளிச்சவ்வு அது இல்லாமல் நிற்காது. சில சவ்வுகளில் ஏறக்குறைய ஒரு பாஸ்போலிப்பிட்டுக்கு ஒரு கொலஸ்ட்ரால் என்ற கணக்கில் இருக்கிறது. வால்களுக்கு நடுவே செருகிக்கொண்டு, சூட்டில் அவை அதிகம் ஆடாமல் பிடித்துவைக்கும். குளிரில் ஒன்றோடொன்று நெருங்கி இறுகாமல் விலக்கி வைக்கும். மாமரம் உட்படத் தாவரங்களில் இந்த வேலையை சிட்டோஸ்டெரால் போன்ற உறவினர்கள் பார்க்கிறார்கள்.

புரதம் எங்கே உட்கார்ந்திருக்கிறது

வெறும் எண்ணெய்ப் படலம் ஒரு தடுப்பு மட்டும்தான். சர்க்கரையோ உப்போ அதைக் கடக்காது. செல் பிழைக்க வேண்டுமானால் சிலவற்றை உள்ளே விட வேண்டும், சிலவற்றை வெளியே தள்ள வேண்டும், வெளியிலிருந்து வரும் சேதியைக் கேட்க வேண்டும். இந்த வேலையெல்லாம் புரதத்தினுடையது. எடைக் கணக்கில் சிவப்பணுச் சவ்வில் புரதமும் கொழுப்பும் ஏறக்குறையச் சரிபாதி. நரம்பைச் சுற்றியிருக்கும் மயலின் உறை மின்காப்பு என்பதால் அதில் முக்கால் பங்குக்குமேல் கொழுப்பு. ஆற்றல் உற்பத்தி நடக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் நேர்மாறாக முக்கால் பங்கு புரதம்.

1935இல் டானியெல்லி, டேவ்சன் இருவரும் புரதம் கொழுப்புப் படலத்தின் இரு பக்கமும் பூசியதுபோல் இருக்கிறது என்றார்கள், ரொட்டிக்கு இடையே வெண்ணெய் மாதிரி. பல வருடம் இதுவே பாடமாக இருந்தது. 1972இல் சிங்கர், நிக்கல்சன் இருவரும் திரவ மொசைக் மாதிரியைக் கொண்டுவந்து அதை மாற்றினார்கள். கொழுப்பு என்ற திரவத்தில் புரதங்கள் பதிந்து மிதக்கின்றன என்பது அதன் சாரம். புரதம் சவ்வோடு சேரும் விதங்களை மூன்றாகப் பிரிக்கலாம்:

1. ஊடுருவி நிற்பவை. சவ்வின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை போகும். எண்ணெய்க்குள் இருக்கும் துண்டு பெரும்பாலும் சுருள் வடிவம், சுருளின் வெளிப்பக்கம் தண்ணீர் வெறுக்கும் அமினோ அமிலங்கள். சவ்வின் எண்ணெய் நடுப்பகுதி சுமார் 3 நானோமீட்டர். சுருளில் ஒரு அமினோ அமிலம் 0.15 நானோமீட்டர் நீளம் கொடுக்கும். வகுத்துப் பார்த்தால் கடக்க 20 அமினோ அமிலம் வேண்டும். ஒரு மரபணுவின் வரிசையில் தண்ணீர் வெறுக்கும் அமினோ அமிலங்கள் இருபது போலத் தொடர்ந்து வந்தால், அது சவ்வுப் புரதமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஊகிப்பது இந்தக் கணக்கை வைத்துத்தான்.
2. விளிம்பில் ஒட்டியிருப்பவை. லிப்பிட் தலைகளையோ மற்றப் புரதங்களையோ பற்றிக்கொண்டிருக்கும். உப்புக் கரைசலில் அலசினாலே பல பிரிந்து வந்துவிடும். முதல் வகையைப் பிரிக்க சோப்பு மாதிரி பொருள் போட்டுச் சவ்வையே கரைக்க வேண்டும்.
3. நங்கூரம் போட்டவை. புரதம் வெளியே இருக்கும், அதோடு கோர்த்த ஒரு கொழுப்பு வால் மட்டும் சவ்வுக்குள் இறங்கியிருக்கும்.

முதல் வகையில் ஒன்றைக் கிட்டத்தில் பார்க்கலாம். மாங்காயை நறுக்கி உப்புப் போட்டு வைத்தால் அரை மணி நேரத்தில் கிண்ணத்தில் தண்ணீர் விட்டிருக்கும். செல்லுக்குள்ளிருந்து தண்ணீர் மட்டும் வெளியே வந்திருக்கிறது. இவ்வளவு வேகமாக எப்படி வந்தது? எண்ணெய்ப் படலத்தின் வழியாகத் தண்ணீர் கசியும்தான், ஆனால் மெதுவாக. 1992இல் பீட்டர் ஆக்ரேயின் குழு, தண்ணீருக்கென்றே ஒரு குழாய்ப் புரதம் இருக்கிறது என்று காட்டியது. அக்வாபோரின் என்று பெயர், தாவரங்களிலும் உண்டு. ஒரு குழாய் வழியாக நொடிக்கு 300 கோடி அளவுக்குத் தண்ணீர் மூலக்கூறு ஒற்றை வரிசையில் போகும். அவ்வளவு தண்ணீர் போகிற குழாயில் ஒரு ஹைட்ரஜன் அயனிகூட நுழைய முடியாது. 2003இல் ஆக்ரேக்கு நோபல் பரிசு கிடைத்தது. பொட்டாசியத்தைக் கடத்தும் வாயில் புரதத்தின் அமைப்பைக் கண்ட ராடரிக் மெக்கின்னனோடு பகிர்ந்துகொண்டார்.

இன்னொரு வகை பம்புகள். தாவரச் செல்லின் சவ்வில் ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளும் பம்பு ஓயாமல் ஓடுகிறது. இந்தப் பம்பு ஒவ்வொரு சுற்றிலும் உருவம் மாற வேண்டும், சற்று விரிந்து சற்று மடங்க வேண்டும். சுற்றிலும் இருக்கும் எண்ணெய் இளக்கமாக இருந்தால்தான் அது நடக்கும். சேற்றில் சிக்கிய வண்டிச் சக்கரத்துக்கும் காய்ந்து இறுகிய சேற்றில் சிக்கிய சக்கரத்துக்கும் உள்ள வித்தியாசம்.

பதம் கெட்டால் புரதம் நின்றுவிடும் என்பதற்கு 1970இல் செய்த சோதனை ஒன்று உண்டு. ஃபிரை, எடிடின் இருவரும் ஒரு மனிதச் செல்லையும் ஒரு எலிச் செல்லையும் ஒன்றாக இணைத்தார்கள். மனிதப் புரதத்துக்கு ஒரு நிறம், எலிப் புரதத்துக்கு வேறு நிறம் ஒளிரும்படி சாயம். முதலில் பாதி ஒரு நிறம், பாதி மறு நிறம். 37 டிகிரியில் வைத்தபோது 40 நிமிடத்தில் இரண்டும் கலந்துவிட்டன. 15 டிகிரிக்குக் கீழே வைத்தபோது கலப்பது வெகுவாகக் குறைந்துவிட்டது.

பாடப் புத்தகப் படம் சொல்லாதவை

திரவ மொசைக் படத்தில் நீலக் கடலில் சில தீவுகள் மிதப்பதுபோல் போட்டிருப்பார்கள். பிளஸ் ஒன் மாணவர்களுக்கு அது போதும். ஆனால் அந்தப் படத்தை அப்படியே நம்பினால் மூன்று விஷயத்தில் ஏமாறுவோம்.

முதலாவது, நெரிசல். கடலில் தீவு என்று சொல்லும் அளவுக்கு இடம் இல்லை. ஆடி பதினெட்டுக்கு ஒகேனக்கல் படித்துறை மாதிரி இருக்கும் அது. வழக்கமான விலங்குச் செல் சவ்வில் ஒரு புரதத்துக்கு ஐம்பது லிப்பிட் என்பது தோராயக் கணக்கு. புரதத்தின் பருமனையும் வைத்துப் பார்த்தால், எந்த லிப்பிட்டும் ஒரு புரதத்தின் பக்கத்தில்தான் இருக்கிறது.

இரண்டாவது, உள்ளும் வெளியும் ஒன்றல்ல. சிவப்பணுவின் வெளி அடுக்கில் ஒரு வகை லிப்பிட்டுகள் அதிகம், உள் அடுக்கில் வேறு வகை. பாஸ்பாட்டிடைல்செரின் என்ற லிப்பிட் உள்பக்கம் மட்டுமே இருக்கும்படி செல் ஆற்றல் செலவழித்துப் பார்த்துக்கொள்கிறது. அது வெளிப்பக்கம் வந்துவிட்டால் இரண்டு அர்த்தம். சாகும் செல்லில் தெரிந்தால், வெள்ளணு வந்து அதை விழுங்கிச் சுத்தம் செய்யும். காயத்தில் ரத்தத் தட்டணுவின் மேல் தெரிந்தால், ரத்தம் உறைவதற்கான புரதங்கள் அதன்மேல் வந்து கூடும்.

மூன்றாவது, வேலிகள். சவ்வுக்கு உள்பக்கம் புரத நார்களாலான ஒரு வலை ஒட்டியிருக்கிறது. சிவப்பணுவில் அதன் முக்கிய நார் ஸ்பெக்ட்ரின். இந்த வலை சவ்வைச் சிறு சிறு பாத்திகளாகப் பிரிக்கிறது என்று ஜப்பானிய ஆய்வாளர் குசுமியின் குழு காட்டியது. ஒரு லிப்பிட் ஒரு பாத்திக்குள் சுதந்திரமாக ஓடும், அப்புறம் வரப்பைத் தாண்டி அடுத்த பாத்திக்குக் குதிக்கும்.

இதோடு ஒரு தகராறும் இருக்கிறது. 1997இல் சைமன்ஸ், இக்கோனன் இருவரும் லிப்பிட் தெப்பம் என்ற கருத்தை முன்வைத்தார்கள். கொலஸ்ட்ராலும் ஸ்பிங்கோலிப்பிட் என்ற இன்னொரு கொழுப்பு வகையும் சேர்ந்து சற்று இறுகிய திட்டுகளாக மிதக்கின்றன, சில புரதங்கள் அவற்றில் ஏறிக்கொண்டு ஒன்றாக வேலை செய்கின்றன என்பது கருத்து. செயற்கைப் படலத்தில் இத்தகைய திட்டுகளை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கலாம். உயிருள்ள செல்லில் அவை 200 நானோமீட்டருக்கும் சிறியவை, கணநேரத்தில் தோன்றி மறைபவை என்கிறார்கள். சாதாரண ஒளி மைக்ரோஸ்கோப்பால் அந்த அளவைப் பிரித்துப் பார்க்க முடியாது. அதனால்தான் சண்டை இவ்வளவு நாள் ஓடியது. திட்டுகள் இருக்கின்றன என்பதை இன்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிறார்கள். பழைய படத்தில் இருந்ததுபோல் நிலையான தெப்பங்கள் என்று சொல்வோர் குறைவு.

மாங்காய்க்குத் திரும்புவோம்

மா வெப்ப மண்டல மரம். அதன் சவ்வின் பதம் நம் வெயிலுக்கு ஏற்றபடி அமைந்தது. காயாக இருக்கும் மாங்காயை, ரகத்துக்குத் தகுந்தபடி, சுமார் 10 முதல் 13 டிகிரிக்குக் கீழே வைத்தால் குளிர்க்காயம் படும். வீட்டு ஃபிரிட்ஜ் சுமார் 4 டிகிரி. தண்ணீர் உறையும் அளவுக் குளிர் இல்லை, ஆனாலும் காய் அடிபடுகிறது. வரிசை இப்படிப் போகிறது:

1. சவ்வின் சில பகுதிகளில் லிப்பிட் வால்கள் இறுகிக் கூழ் நிலைக்குப் போகின்றன. மற்றப் பகுதி இளக்கமாகவே இருக்கிறது. இறுகியதும் இளகியதும் சந்திக்கும் ஓரங்களில் கசிவு விழுகிறது.
2. பம்புப் புரதங்கள் மந்தமாகின்றன. பொட்டாசியம் போன்ற அயனிகள் செல்லைவிட்டு வெளியே கசிகின்றன. ஆய்வகத்தில் குளிர்க்காயத்தை அளப்பதும் இப்படித்தான்: தோல் துண்டைத் தண்ணீரில் போட்டு, அந்தத் தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று பார்ப்பார்கள்.
3. செல்லுக்குள் அறைகளைப் பிரிக்கும் சவ்வுகளும் தளர்கின்றன. ஃபீனால் பொருள்கள் ஓர் அறையில், அவற்றைக் கறுக்க வைக்கும் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி வேறோர் அறையில் இருந்தன. தடுப்பு போனதும் இரண்டும் சந்திக்கின்றன. நறுக்கி வைத்த வாழைக்காயும் கத்தரிக்காயும் கறுப்பது இதே வினையால்தான். தோலில் தெரியும் கறை அது.
4. பழுக்கச் சொல்லும் சமிக்ஞை எத்திலீன் வாயு. அதைக் கேட்கும் ஏற்பிப் புரதங்கள் செல்லுக்குள் இருக்கும் ஒரு சவ்வில் பதிந்தவை. பழுக்க வைக்கும் நொதிகளின் வேலையும் ஒழுங்கு தப்புகிறது. காய் வெளியே வந்த பிறகும் அரைகுறையாகவே பழுக்கிறது.

கறை பெரும்பாலும் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து ஓரிரு நாள் வெளியே வைத்த பிறகுதான் பளிச்சென்று தெரியும். குளிரில் நொதியும் மந்தமாக இருந்தது, சூடு வந்ததும் வேலையைத் தொடங்குகிறது. அதனால்தான் பழி ஃபிரிட்ஜுக்குப் போகாமல் வேறெங்கோ போகிறது.

லிப்பிட் இறுகுவதே எல்லாவற்றுக்கும் முதல் காரணம் என்ற கருத்தை 1970களில் லயன்ஸ் என்ற ஆய்வாளர் முன்வைத்தார். பின்னர் வந்த ஆய்வுகள் அதை அப்படியே ஏற்கவில்லை. குளிரில் பெருகும் ஆக்சிஜன் நச்சுகள் வால்களைச் சிதைப்பதும் சேர்ந்து நடக்கிறது. ஆனால் வால்களின் வளைவுக்கு இதில் நேரடிப் பங்கு உண்டு என்பதற்கு நல்ல சான்று 1992இல் கிடைத்தது. ஜப்பானின் முராட்டா குழு, புகையிலையில் இரண்டு வேறு செடிகளின் நொதி மரபணுவைத் தனித்தனியாகச் செருகிப் பார்த்தது. அந்த நொதி, பசுங்கணிகச் சவ்வின் ஒரு லிப்பிட்டில் எந்த வால் சேர வேண்டும் என்று தீர்மானிப்பது. குளிருக்கு அஞ்சும் பூசணி இனத்தின் மரபணு ஏறிய புகையிலை குளிரில் முன்பைவிட அதிகம் அடிபட்டது. குளிரைத் தாங்கும் அராபிடாப்சிஸ் செடியின் மரபணு ஏறியது முன்பைவிட நன்றாகத் தாங்கியது.

ரோஜா, கோஸ், கேரட் எல்லாம் குளிர்ப் பிரதேசத்துப் பரம்பரை. அவற்றின் சவ்வில் அந்தக் குளிரிலும் பதம் கெடாது. குளிர் வரும்போது வளைந்த வால்களைக் கூட்டிக்கொள்வது பாக்டீரியாவிலிருந்து மீன் வரை பல உயிர்களுக்குத் தெரிந்த வித்தை. பனியில் நிற்கும் ரெயின்டீரின் குளம்புப் பக்கத்துச் செல்களில், உடம்புப் பக்கத்தைவிட நிறைவுறாத கொழுப்பு அதிகம்.

சவ்வு உடைய வேறு வழிகள்

சூடு. மூன்று டம்ளர் எடுத்துக்கொண்டு பச்சைத் தண்ணீர், வெதுவெதுப்பான தண்ணீர், கொதித்து இறக்கிய தண்ணீர் என்று ஊற்றி, நன்றாக அலசிய பீட்ரூட் துண்டு ஒவ்வொன்றைப் போட்டுப் பாருங்கள். முதல் டம்ளரில் லேசான இளஞ்சிவப்பு, மூன்றாவதில் சில நிமிடத்தில் ரத்தச் சிவப்பு. நிறமி செல்லுக்குள் சவ்வு சூழ்ந்த பையில் அடைபட்டிருந்தது. சூட்டில் லிப்பிட் அளவுக்குமேல் இளகி, புரதமும் உருக்குலைந்து, பை கிழிந்துவிட்டது. மாங்கூழ் தொழிற்சாலையில் கூழைச் சூடேற்றும்போது சவ்வெல்லாம் போய்விடுகிறது, ஆனால் கறுக்க வைக்கும் நொதியும் செயலிழந்துவிடுகிறது. டப்பாவில் கூழ் மஞ்சளாகவே நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சோப்பு. சோப்பு மூலக்கூறுக்கும் தலை உண்டு, ஆனால் ஒற்றை வால். இரண்டு வால்காரர்கள் நேர் வரிசையில் நிற்பார்கள், ஒற்றை வால்காரன் ஆப்பு வடிவம். நடுவில் புகுந்தால் வரிசை வளைந்து உடையும். கொரோனா வைரஸின் கொழுப்பு உறையைச் சோப்பு குலைத்தது இப்படித்தான்.

பாம்பு நஞ்சு. இது தர்மபுரி, கிருஷ்ணகிரியில் காட்டை ஒட்டி வயல் வைத்திருப்பவர்களுக்கு வெறும் பாடம் அல்ல. கண்ணாடி விரியன், நல்ல பாம்பு உட்படப் பல பாம்புகளின் நஞ்சில் பாஸ்போலிப்பேஸ் ஏ2 என்ற நொதி இருக்கிறது. அது பாஸ்போலிப்பிட்டின் இரண்டு வாலில் ஒன்றை வெட்டிவிடும். மிச்சம் இருப்பது ஒரு தலை, ஒரு வால். அதாவது சவ்வின் சொந்தச் சரக்கே சோப்பாகிவிடுகிறது. கடித்த இடத்தில் தசை அழுகுவதில் இதற்குப் பங்கு உண்டு. விரியனின் வேறு நொதிகள் ரத்த உறைவுக் காரணிகளைத் தாறுமாறாகத் தூண்டித் தீர்த்துவிடும், அப்புறம் ரத்தம் உறையாமல் கசியும். விஷமுறிவு மருந்து, சுற்றிக்கொண்டிருக்கும் நொதியைப் பிடித்துக் கட்டும். ஏற்கெனவே உடைந்த சவ்வை அது ஒட்டவைக்காது. கடிபட்டவரை மந்திரிக்கக் கூட்டிப்போகாமல் நேராக அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்வது அதனால்தான்.

காயை என்ன செய்வது

காயாக இருக்கும்வரை வைக்கோல்தான் அதற்கு இடம். முழுதாகப் பழுத்த பழம் குளிரைக் காயைவிட நன்றாகத் தாங்கும். பழுத்த பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஃபிரிட்ஜில் வைத்தால் பெரிய பாதகமில்லை. ஃபிரிட்ஜின் எந்தத் தட்டு அதிகம் குளிராதோ அதில் வைக்கலாம், பல ஃபிரிட்ஜுகளில் அது கதவுப் பக்கம். தக்காளிக்கும் இதே கணக்கு. மாங்காயைக் குளிர்பதனக் கிடங்கில் வைக்கிறவர்கள் கோஸ், கேரட்டோடு ஒரே அறையில் அடுக்காமல் 13 டிகிரி அளவில் தனி அறை கேட்பது நல்லது. வாடகை கூடத்தான் ஆகும். ஃபிரீசரில் போட்ட மாம்பழத் துண்டு, வெளியே எடுத்ததும் தண்ணீர் விட்டுத் தொளதொளவென்று ஆவது வேறு கதை. பனிக்கட்டி ஊசிகள் சவ்வைக் குத்திக் கிழித்த துண்டு அது. மில்க் ஷேக் அடிக்க மட்டும் ஆகும்.